பின்னால் நிற்கும் பிளேமேக்கரும் சுற்றி நிற்கும் பத்துப் பேரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் இரயுமன்துறையில் தொடங்கி நீரோடி வரை நடந்தால், கால்பந்து விளையாடாத ஊரைப் பார்க்க முடியாது. சாயங்காலப் பிராக்டிஸ் முடிந்த பிறகும், திருவிழா டோர்னமென்டில் ஹாஃப் டைம் டீ குடிக்கும்போதும், ராத்திரி முழித்து ஐரோப்பிய மேட்ச் பார்த்த மறுநாளும் ஒரே சந்தேகம் வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. டிஃபென்சுக்கு முன்னால் நின்று ஆட்டத்தை நடத்தும் ஆள் ஒரு டீமில் ராஜாவாக இருக்கிறான். அதே ஆள் இன்னொரு டீமுக்குப் போனால் இருக்கிற இடம் தெரியவில்லை. ஏன்? ஆளாளுக்குத் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டுவிட்டேன்.

அண்ணே, டீப் பிளேமேக்கர்னு சொல்லுதீங்களே, அது டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரேதானே?

நிற்கும் இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான், வேலை வேறு. இரண்டு பேருமே ஸ்டாப்பர்களுக்கு, அதாவது டிஃபென்ஸின் நடுவில் நிற்பவர்களுக்கு, கொஞ்சம் முன்னால் நிற்பார்கள். டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரின் முதல் வேலை எதிராளியின் ஆட்டத்தை உடைப்பது. பந்தைப் பிடுங்கிப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்துவிட்டால் அவன் கடமை முடிந்தது. பிளேமேக்கரின் முதல் வேலை நம் ஆட்டத்தைத் தொடங்குவது. ஸ்டாப்பரிடமிருந்து பந்தை வாங்கி, எந்தப் பக்கம் ஆள் குறைவு என்று பார்த்து, இப்போதே முன்னால் அனுப்புவதா, இன்னும் இரண்டு பாஸ் ஆடி எதிராளியை வெளியே இழுப்பதா என்று தீர்மானிப்பவன் அவன்.

கட்டூசோவும் காசெமிரோவும் முதல் வகை. பிர்லோ, சாபி அலோன்சோ, ஜோர்ஜின்யோ இரண்டாம் வகை. புஸ்கெட்ஸ், ரோட்ரி போல இரண்டையும் ஒருவரே செய்வது அபூர்வம். அந்த அபூர்வத்தை நம் ஊர்ப் பையனிடம் எதிர்பார்த்துத்தான் பல கோச்சுகள் அவனைத் திட்டித் தீர்க்கிறார்கள்.

எந்த ஃபார்மேஷன் அவனுக்குப் பொருந்தும்? 4-3-3யா, 4-4-2வா?

கோல்கீப்பரை விட்டுவிட்டு, பின்னாலிருந்து முன்னால் வரை வரிசைக்கு எத்தனை பேர் என்பதுதான் அந்த நம்பர். நம்பரை மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். இருந்தாலும் சொல்கிறேன். 4-3-3-இல் அவன் தனியாகக் கீழே நிற்க, இடமும் வலமுமாக இரண்டு மிட்ஃபீல்டர்கள் சற்று மேலே நிற்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முக்கோணம் தயாராக இருக்கும். பார்சிலோனாவில் புஸ்கெட்ஸுக்கு மேலே சாவியும் இனியெஸ்டாவும் நின்றது இப்படித்தான். பந்து பறிபோனால் மட்டும் சிக்கல். அவனுடைய இரண்டு பக்கமும் ஆளில்லாமல் கிடக்கும். 4-2-3-1-இல் துணைக்கு ஒருவன் இருப்பதால் அந்தப் பயம் குறைவு. ஆனால் இரண்டு பேரும் ஒரே கோட்டில் நின்றுவிட்டால், ஒருவருக்கொருவர் குறுக்குப் பாஸ் போட்டே பொழுது போய்விடும்.

அவனுக்கு ரொம்பக் கஷ்டமானது பழைய 4-4-2. நடுவில் இரண்டே பேர். எதிராளி நடுவில் மூன்று பேரை வைத்தால் எப்போதும் ஒருவன் மார்க் இல்லாமல் நிற்பான். அவனைப் பிடிக்க நம் பிளேமேக்கர்தான் ஓட வேண்டும். ஓடி இளைத்தவன் காலில் பந்து வரும்போது தலையை நிமிர்த்தவே மாட்டான். 3-5-2 இதற்கு நேர் எதிர். பின்னால் மூன்று ஸ்டாப்பர், பக்கத்தில் இரண்டு மிட்ஃபீல்டர், அகலத்துக்கு இரண்டு ஓரத்திலும் ஏறி இறங்கி ஓடும் விங் பேக்.

நான் ஒரு டீமைப் பார்க்கும்போது இரண்டு விஷயத்தைத்தான் கவனிப்பேன். பந்து அவன் காலில் இருக்கும்போது எத்தனை பேர் பாஸ் வாங்கும் இடத்தில் நிற்கிறார்கள்? பந்து போகும்போது அவன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? இனி வரும் பதில்கள் எல்லாம் ஏறக்குறைய இந்த இரண்டுக்குள் அடங்கும்.

பிர்லோ மொதல்ல 10-ஆம் நம்பர் ஆளுன்னு சொல்லுதாங்க. பொறவு எப்படிக் கீழ வந்தாரு?

உண்மைதான். ஃபார்வேர்டுகளுக்குப் பின்னால் ஆடியவர். இன்டர் மிலானில் அவருக்குச் சரியாக அமையவில்லை. 2001-இல் பிரெஷ்யாவுக்கு லோனில் போனபோது அங்கே 10-ஆம் நம்பர் இடத்தில் ராபர்ட்டோ பாஜ்ஜியோ இருந்தார். பாஜ்ஜியோவை நகர்த்த முடியுமா? கோச் கார்லோ மட்சோனே பிர்லோவைக் கீழே இறக்கி டிஃபென்சுக்கு முன்னால் நிறுத்தினார். அப்புறம் ஏசி மிலானில் கார்லோ ஆஞ்செலோட்டி அதையே அவருக்கு நிரந்தர இடமாக்கினார்.

இந்தக் கதையை எல்லாரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். முக்கியமானது இதற்குப் பிறகு வருவதுதான். ஆஞ்செலோட்டி பிர்லோவைக் கீழே இறக்கியதோடு விடவில்லை, அவர் பக்கத்தில் கட்டூசோவை வைத்தார். பிர்லோ துரத்த வேண்டிய பந்தையெல்லாம் கட்டூசோ துரத்தினார். இன்னொரு பக்கம் சீடார்ஃபோ அம்ப்ரோசினியோ இருந்தார்கள். 2003, 2007 சாம்பியன்ஸ் லீக் இரண்டும் மிலானுக்கு வந்தன. 2006-இல் இத்தாலி உலகக் கோப்பை ஜெயித்தபோதும் கட்டூசோவும் பிர்லோவும் நடுவில் ஒன்றாகத்தான் ஆடினார்கள்.

மிலானில் ஆடிய கடைசிச் சீசனில் பிர்லோவுக்குக் காயமும் வந்தது, கீழ் நடுவில் உடைக்கும் ரக ஆளை வைக்கத்தான் கோச் விரும்பினார். 2011-இல் காண்ட்ராக்ட் முடிந்ததும் காசு வாங்காமலேயே யுவென்டஸுக்குப் போகவிட்டார்கள். 32 வயது, அவ்வளவுதான் என்று பேச்சு. அங்கே கோச் அன்டோனியோ கான்டே விடாலையும் மார்க்கீசியோவையும் அவர் இரண்டு பக்கமும் ஓடவிட்டார். பின்னால் பார்ஸாலி, பொனூச்சி, கியெல்லினி. அந்த முதல் சீசனில் யுவென்டஸ் ஒரு லீக் மேட்ச்கூடத் தோற்காமல் சாம்பியன் ஆனது. பிர்லோ வேகமாக ஓடக் கற்றுக்கொண்டு அங்கே போகவில்லை.

அப்பம் கூட நிக்கவன் ஓடுற ஆளா இருந்தாப் போதுமா?

ஓடவும் வேண்டும், சரியான இடத்தில் நின்று ஓடவும் வேண்டும். 2018-இல் கோச் மௌரிசியோ சாரி நாப்போலியிலிருந்து செல்சிக்கு வந்தபோது ஜோர்ஜின்யோவையும் கூட்டி வந்தார். உலகத்திலேயே நன்றாக ஓடிப் பந்து பிடுங்கும் என்கோலோ கான்டே அந்த டீமிலேயே இருந்தார். ஆனால் சாரி அவரை வலது பக்கம் மேலே அனுப்பிவிட்டு ஜோர்ஜின்யோவைத் தனியாகக் கீழே நிறுத்தினார். ஜோர்ஜின்யோ மெதுவானவர், டிஃபென்ஸ் தெரியாதவர் என்று அந்த வருஷம் முழுக்கத் திட்டு வாங்கினார். 2021-இல் கோச்சாக டுக்கெல் வந்து பின்னால் மூன்று ஸ்டாப்பரை வைத்து, ஜோர்ஜின்யோ பக்கத்திலேயே கான்டேயையோ கோவாசிச்சையோ நிறுத்தினார். செல்சி சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தது. அதே கோடையில் இத்தாலிக்கு யூரோ கோப்பை. உலகின் சிறந்த வீரருக்குத் தரும் பலோன் தோர் விருதின் அந்த வருஷ வரிசையில் ஜோர்ஜின்யோவுக்கு மூன்றாம் இடம்.

நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் பேசும் 1970 பிரேசில் டீமிலும் இதே ஏற்பாடுதான். கெர்சன் பின்னாலிருந்து பந்து அனுப்ப, பக்கத்தில் குளோடோவால்டோ காவல். ஃபைனலில் இத்தாலிக்கு எதிராக இரண்டாவது கோலை அடித்தவரும் கெர்சன்தான்.

நம் கிரவுண்டில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு வேறு. ஓடும் ஆள் பாசத்தோடு பிளேமேக்கருக்கு மூன்றடி தள்ளி வந்து நின்று "தா மக்கா, தா" என்று கேட்பான். அவனை மார்க் பண்ணுகிறவனும் கூடவே வருவான். இரண்டு பேருக்கு இருந்த இடத்தில் இப்போது நாலு பேர். உதவி செய்ய நினைப்பவன் முதலில் தள்ளிப் போக வேண்டும்.

எம் மவன் பிராக்டிஸ்ல நல்லா பாஸ் கொடுக்கான் சாரே. மேட்ச்ல அவனுக்குப் பந்தே வரமாட்டேங்கு. கோச்சுக்கு அவன் மேல கோவமா?

கோச்சை விடுங்கள், ஸ்டாப்பர் இரண்டு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். கோலி (கோல்கீப்பர்) பந்தை எடுக்கும்போது அவர்கள் பத்து மீட்டர் இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், எதிராளியின் ஒரே ஒரு ஃபார்வேர்டு நடுவில் வந்து நின்று மூன்று பேரையும் அடைத்துவிடுவான். உங்கள் மகன் அவன் முதுகுக்குப் பின்னால் மறைந்துபோவான். ஸ்டாப்பர்கள் பெனால்ட்டி பாக்ஸின் இரண்டு ஓரத்துக்கும் விரிந்து நின்றால் கதையே வேறு. பாக்ஸின் அகலம் 40 மீட்டருக்குச் சற்று மேல். ஒரு ஆளால் அதை அடைக்க முடியாது, நடுவில் வழி தானாகத் திறக்கும். 2019-இலிருந்து கோல் கிக்கைப் பாக்ஸுக்குள்ளேயே நம் ஆள் வாங்கலாம் என்று விதி மாறியிருக்கிறது. அதற்கு முன் பந்து பாக்ஸைத் தாண்டிய பிறகுதான் தொடலாம். நம் டீம்களில் பாதி இன்னும் பழைய விதி நினைப்பிலேயே கோல் கிக் அடிக்கிறது.

அடுத்தது, எந்தக் காலுக்குப் பாஸ் வருகிறது என்பது. போன மழைக்காலத்தில் ஓரத்தில் நின்று ஒரு பயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது ஸ்டாப்பரிடமிருந்து பந்து வருகிறது. வலது காலுக்கு வந்திருந்தால் அப்படியே உடம்பைத் திறந்து முன்னால் திரும்பியிருப்பான். வந்தது இடது குதிகாலுக்குப் பின்னால். காலை இழுத்துப் பந்தை நிறுத்தி, அது சேற்றில் ஒரு துள்ளு துள்ளி, அவன் நிமிர்வதற்குள் முதுகில் ஆள் ஏறிவிட்டான். பந்து திரும்ப ஸ்டாப்பருக்கே போனது. "இவன் பின்னாலேயேதான் அடிப்பான்" என்று ஓரத்தில் ஒரே சத்தம். பாஸைக் கெடுத்த ஸ்டாப்பரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விங் பேக்குக்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம்? அவன் ஓரத்துல, இவன் நடுவுல.

சம்பந்தமே அதுதான். பிளேமேக்கரின் நல்ல ஆயுதம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே போகும் நீளப் பாஸ். அது போய்ச் சேர அந்த ஓரத்தில் ஆள் வேண்டும். இரண்டு விங் பேக்கும் ஸ்டாப்பர் கோட்டிலேயே நின்றுவிட்டால் எதிராளி நடுவில் சுருங்கிவிடுவான், பிளேமேக்கருக்கு மூச்சு முட்டும். அவர்கள் மேலே ஏறி ஓரக்கோட்டை ஒட்டி நின்றால் எதிராளி விரிந்தே ஆக வேண்டும்.

நமக்குத் தெரிந்த உதாரணம் இருக்கிறது. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் 2019-20 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் கொல்கத்தாவின் ஏடிகே டீமில் 3-5-2 ஏற்பாட்டில் இடது ஓரத்தில் ஆடினார். ஏடிகே அந்த வருஷம் கோப்பையும் வாங்கியது. அந்த மேட்சுகளைத் திரும்பப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், பந்து வலது பக்கம் இருக்கும்போது இடது ஓர ஆள் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். பந்து இல்லாமல் நிற்கிற அந்த இடம்தான் நடுவில் இருப்பவனுக்கு வழி விடுகிறது.

எதிர் டீம் ஒருத்தனை விட்டு அவன் மேல ஒட்ட வெச்சா என்ன செய்ய?

இதுதான் அவனுக்கு வைக்கும் பெரிய பொறி, பல பேர் விழுந்திருக்கிறார்கள். 2010 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட் மிலானை 4-0 என்று அடித்த மேட்சில் அலெக்ஸ் ஃபெர்குசன் பார்க் ஜி-சுங்கைப் பிர்லோ மேல் ஏவினார். பார்க் நிழல் மாதிரி ஒட்டினார், போதாததற்குக் கோலும் அடித்தார். 2018 நவம்பரில் டாட்டன்ஹாம் இதையே ஜோர்ஜின்யோவுக்குச் செய்தது. ஒட்டியவர் டெலி அல்லி, ஸ்கோர் 3-1. இதற்கு நேர்மாறு 2012 யூரோ காலிறுதி. இங்கிலாந்து 4-4-2-இல் இரண்டு வரிசையாக இறுகி நின்றது, பிர்லோ மேல் யாரும் முழுநேரமாக ஒட்டவில்லை. அவர் ராத்திரி முழுக்க நிம்மதியாகப் பந்து அனுப்பிக்கொண்டிருந்தார். மேட்ச் 0-0, பெனால்ட்டியில் இத்தாலி ஜெயித்தது.

ஒட்டுகிறவனை உதறப் பிளேமேக்கர் மட்டும் பாடுபட்டால் நடக்காது. அவன் மேல் ஒருவன் ஒட்டினால், நம் ஸ்டாப்பரில் ஒருவனுக்கு எதிரே ஆள் இருக்காது. அந்த ஸ்டாப்பர் பந்தோடு நடந்து முன்னால் வர வேண்டும். யுவென்டஸில் பிர்லோவை அடைத்தால் பொனூச்சி நீளப் பாஸை எடுத்துக்கொண்டார். அப்போது ஒட்டுகிறவன் இரண்டில் ஒன்றை விட்டே ஆக வேண்டும். பிளேமேக்கர் செய்ய வேண்டியது, பந்து கிடைக்காத கோபத்தில் கோலிவரை ஓடி வராமல், ஒட்டுகிறவனையும் இழுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்து நடுவைக் காலி பண்ணிக் கொடுப்பது. அந்தக் காலி இடத்தில் மேலே நிற்கும் மிட்ஃபீல்டர் இறங்கி வாங்கட்டும். மேட்ச் முடிந்ததும் இவன் பேர் யார் வாயிலும் வராது, பரவாயில்லை.

ஸ்டாப்பர் ரெண்டு பேருக்கும் நடுவுல எறங்கி வாங்கச் சொல்லுதாரு கோச். அது சரியா?

எதிராளி எத்தனை பேரை முன்னால் அனுப்புகிறான் என்பதைப் பொறுத்தது. இரண்டு ஃபார்வேர்டு நெருக்கினால் சரி. அவன் இறங்கினால் மூன்றுக்கு இரண்டு ஆகிவிடும், விங் பேக்குகளும் துணிந்து மேலே போகலாம். மெக்சிகோவின் கோச்சாக இருந்த ரிக்கார்டோ லா வோல்பே இதைப் பாடமாகவே நடத்தினார். ஐரோப்பாவில் பல கோச்சுகள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எதிராளி ஒரே ஆளை மட்டும் முன்னால் விட்டிருந்தால் இறங்குவது வீண். பின்னால் மூன்று பேர் ஒருவனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நடுவில் பந்து வாங்க ஆள் இருக்காது.

ரியல் மாட்ரிட்டில் டோனி குரூஸ் வேறு மாதிரி செய்தார். நடுவில் இறங்காமல் இடது ஸ்டாப்பருக்கு இடது பக்கத்தில் போய் நின்று வாங்குவார், மார்செலோ மேலே போய்விடுவார், காசெமிரோ நடுவைக் காப்பார். மான்செஸ்டர் சிட்டி 2023-இல் தலைகீழாகச் செய்தது. ரோட்ரி இறங்கவில்லை, ஜான் ஸ்டோன்ஸ் டிஃபென்சிலிருந்து ஏறி வந்து அவர் பக்கத்தில் நின்றார். அந்த வருஷ சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் ஒரே கோல், அடித்தவர் ரோட்ரி. பக்கத்தில் காவல் இருந்தால் கீழே நிற்பவன்கூட எதிராளி பாக்ஸ் வரை போகலாம்.

பந்து போனா அவன் திரும்பி ஓடமாட்டேங்கான். அவனால எத்தனை கோல் வாங்கியாச்சு தெரியுமா?

அவன் ஓட வேண்டிய தூரத்தை முதலில் அளந்து பாருங்கள். ஃபார்வேர்டுகள் எதிராளி பாக்ஸில் நின்றுகொண்டு, ஸ்டாப்பர்கள் பயந்து நம் பாக்ஸிலேயே நின்றால், நடுவில் அறுபது மீட்டர் திறந்து கிடக்கும். அதை ஒருவனால் காக்க முடியாது. கரையில் நின்று கரமடி வலை இழுக்கும்போது ஒரு கயிற்றுக்காரர் வேகமாகவும் இன்னொரு கயிற்றுக்காரர் மெதுவாகவும் இழுத்தால் மடி கோணி மீன் தப்பிவிடும். டீமும் அப்படித்தான். முன்வரிசை நெருக்கப் போனால் பின்வரிசையும் கூடவே ஏற வேண்டும். அப்போது பிளேமேக்கர் காக்கும் நிலம் பாதியாகிவிடும்.

காவல் ஆளே இல்லாமல் ஆடிப் பார்த்த பெரிய டீமும் உண்டு. 2021 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் மான்செஸ்டர் சிட்டி கோச் கார்டியோலா ரோட்ரியையும் ஃபெர்னாண்டின்யோவையும் வெளியே உட்கார வைத்துவிட்டு குண்டோகனைக் கீழே நிறுத்தினார். நல்ல பாஸர்தான். செல்சி 1-0 என்று ஜெயித்தது. அந்த ஒரு முடிவை வைத்துக் கார்டியோலாவைத் திட்டாத ஆள் அன்றைக்கு நம் கடற்கரையில் இல்லை.

ரெண்டு பிளேமேக்கரை ஒண்ணா எறக்கினா?

ஒருவன் மேலே போகும்போது மற்றவன் நிற்க வேண்டும் என்ற பேச்சு இருந்தால் முடியும். 2010 உலகக் கோப்பையில் ஸ்பெயின் புஸ்கெட்ஸையும் சாபி அலோன்சோவையும் சேர்த்தே ஆடவைத்தது, மேலே சாவி. இவ்வளவு பாஸர்கள் எதற்கு என்று அப்போது நிறைய பேர் முணுமுணுத்தார்கள், கோப்பை வந்ததும் அடங்கினார்கள். புஸ்கெட்ஸ் நின்றார், அலோன்சோ நீளப் பாஸ் அடித்தார், வேலை தெளிவாகப் பிரிந்திருந்தது. நம் அளவில் இரண்டு பேருமே பந்து கேட்டு ஸ்டாப்பரிடம் ஓடி வருவார்கள். அதனால் நான் இதைப் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

2022-ல அர்ஜென்டினா சவுதிட்ட தோத்த பொறவு என்ன மாத்தினாங்க? மெஸ்ஸிதானே காப்பாத்தினாரு?

மெஸ்ஸி காப்பாற்றினார், சரி. கீழ் நடுவில் நடந்ததையும் பாருங்கள். சவுதி மேட்சில் அங்கே ஆடியவர் பரேடஸ். அடுத்து மெக்சிகோவுக்கு எதிராக கிடோ ரோட்ரிகஸ் தொடங்க, பிற்பாதியில் என்சோ ஃபெர்னாண்டஸ் இறங்கிக் கோலும் அடித்தார். போலந்து மேட்சிலிருந்து என்சோ தொடக்கத்திலேயே ஆடினார். ஒரு பக்கம் ஓய்வில்லாமல் ஓடும் டி பால், இன்னொரு பக்கம் பந்தையும் இடத்தையும் அறிந்த மாக் அலிஸ்டர். கடைசியில் அந்த உலகக் கோப்பையின் சிறந்த இளம் வீரர் விருது என்சோவுக்குப் போனது.

எனக்குப் பிடித்தது அரையிறுதி. குரோஷியாவின் நடுவில் பிரோசோவிச், மோட்ரிச், கோவாசிச் என்று மூன்று பேரும் பந்து விடாத ஆட்கள். அர்ஜென்டினா கோச் ஸ்கலோனி ஒரு ஸ்டாப்பரைக் குறைத்து பரேடஸைத் திரும்பக் கொண்டுவந்து நடுவில் நாலு பேரை நிறுத்தினார். இரண்டாவது கேள்வியில் 4-4-2-ஐக் குறை சொன்னேன். இங்கே காகிதத்தில் அதே 4-4-2தான், ஆனால் நாலு பேருமே நடுவில் ஆடத் தெரிந்தவர்கள், ஓரத்தில் போய் ஒதுங்கவில்லை. 3-0. சவுதியோடு தடுமாறிய அதே பரேடஸ் பக்கத்தில் ஆள் இருந்ததும் நிதானமாக ஆடினார்.

நம்ம கிரவுண்டு பாதி மணல், மத்தியானத்துக்கு மேல கடக்காத்து. இதுல பிளேமேக்கர் எங்க ஆட?

நியாயமான கேள்வி, டிவியில் பார்த்ததை அப்படியே இங்கே இறக்க முடியாது. மணலில் தரைப் பாஸ் பாதியில் சாகும். அதனால் இருபத்தைந்து மீட்டர் தரைப் பாஸை நம்பாமல், பத்துப் பன்னிரண்டு மீட்டரில் ஆட்களை நிறுத்துங்கள். காற்று குறுக்கே அடிக்கும்போது உயரமான நீளப் பாஸ் ஓரக்கோட்டுக்கு வெளியே போகும். நெஞ்சு உயரத்துக்கு மேல் போகாமல் அடிக்கப் பழக வேண்டும். காற்று நம் முதுகில் அடிக்கும் பாதியில் அவனைக் கொஞ்சம் கீழே வைக்கலாம், அவன் அடிப்பது தானாகவே தூரம் போகும். எதிர்க்காற்றில் அவனைப் பத்து மீட்டர் மேலே ஏற்றி, குட்டைப் பாஸ் ஆட விடுங்கள்.

கிரவுண்டின் அகலமும் முக்கியம். விதிப்படி அகலம் 45-லிருந்து 90 மீட்டர் வரை இருக்கலாம். தென்னந்தோப்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் சிக்கிய நம் கிரவுண்டுகள் பல குறைந்த அளவை ஒட்டியே நிற்கின்றன. அங்கே விங் பேக் விரிந்து நின்றும் பெரிய லாபம் இல்லை, ஒட்டுகிறவனுக்கு வேலை சுலபம். அப்படிப்பட்ட இடத்தில் பக்கத்தில் துணை ஆள் இல்லாமல் ஒற்றை ஆளாக அவனை நிறுத்துவது கொடுமை.

செவன்ஸ்ல இந்த ஆளுக்கு எடம் உண்டா?

உண்டு, ஆனால் ஏழு பேர் ஆடும் அந்த ஆட்டத்தில் அவன்தான் கடைசி ஸ்டாப்பர். நன்றாகப் பாஸ் தெரிந்தவனைப் பின்னால் வைத்துவிட்டு, அவனுக்கு முன்னால் ஓடும் ஆள் ஒருவனை நிறுத்துங்கள். ஸ்டாப்பர் பாஸில் பந்து போனால் நேராகக் கோல்தான் என்பதை மட்டும் அவனுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருங்கள்.

எங்க டீம் தூக்கி அடிக்கிற டீம். எங்களுக்கு அவன் வேணுமா?

வேண்டாம். பந்து அவன் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தால் அவனை அண்ணாந்து பார்க்க வைப்பது அவனுக்கும் பாவம், உங்களுக்கும் நஷ்டம். தூக்கி அடித்த பந்து மோதித் தெறித்து விழும்போது அதை, அதாவது இரண்டாவது பந்தை, எடுக்கும் ஆளை அங்கே வையுங்கள்.

அவன் தங்கலுக்குப் போயிட்டா ஒரு மாசம் டீமே செதறிப் போவுது. என்ன வழி?

இது நம் பக்கத்துக்கே உரிய பிரச்சினை. ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கத் தங்கல் போனவன் எப்போது கரை ஏறுவான் என்று யாருக்கும் தெரியாது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லாரும் கரையில் இருப்பார்கள், டீம் அழகாக ஆடும். ஆகஸ்டில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். பெரிய டீமுக்கும் இதே கதி வரும். மான்செஸ்டர் சிட்டி தொடர்ந்து நாலு லீக் பட்டம் வாங்கிய பிறகு, 2024 செப்டம்பரில் ஆர்சனல் மேட்சில் ரோட்ரிக்கு முழங்கால் போனது. அந்த இலையுதிர் காலத்திலேயே சிட்டி அடுக்கடுக்காகத் தோற்றது, சீசன் முடிவில் மூன்றாம் இடம். பணத்துக்கா குறைவு? அவர் ஒருவரைச் சுற்றியே எல்லாம் கட்டப்பட்டிருந்தது.

அவன் இல்லாதபோது அதே இடத்தில் இன்னொருவனை நிறுத்தி "அவனை மாதிரி ஆடு" என்று சொல்லாதீர்கள். ஏற்பாட்டை மாற்றுங்கள். ஒற்றை ஆளுக்குப் பதில் இரண்டு பேரை நடுவில் வைத்து 4-2-3-1-க்குப் போகலாம். ஆட்டம் தொடங்கும் வேலையில் பாதியைப் பாஸ் தெரிந்த ஸ்டாப்பரிடம் கொடுக்கலாம், மார்க்கிங் பதிலில் சொன்ன பொனூச்சி மாதிரி. தடைக்காலத்தில் முழு டீமும் இருக்கும்போதே அவன் இல்லாமல் ஒரு பாதி ஆடிப் பழகுங்கள். ஆகஸ்டில் போய்ப் பழக ஆள் இருக்காது.

ஒரு கோல் முன்னால நிக்கோம், கடைசி பதினஞ்சு நிமிஷம். அவனை எடுத்துட்டு ஒரு ஸ்டாப்பரை எறக்கணுமா?

நம் ஊரில் பெரும்பாலானவர்கள் எடுத்துவிடுகிறார்கள், எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். அவனை எடுத்தால் பந்து நம்மிடம் நிற்காது. கிளியர் பண்ணிய பந்து அரை நிமிஷத்தில் திரும்பி வரும், பதினைந்து நிமிஷமும் நம் பாக்ஸிலேயே கழியும். டீமுக்குப் பந்தை வைத்திருக்கத் தெரியும் என்றால் அவனை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் ஓடுகிறவனை மாற்றுங்கள். அந்த நேரத்தில் இளைத்திருப்பவன் பெரும்பாலும் அந்த ஓடுகிறவனாகத்தான் இருப்பான், பிளேமேக்கர் சொதப்புவது போலத் தெரிவதும் அதனால்தான்.

எதிராளி உயரமான ஆட்களை இறக்கி நேராகத் தூக்கி அடிக்க ஆரம்பித்துவிட்டால் வேறு வழியில்லை, எடுக்கத்தான் வேண்டும். அப்படி எடுப்பதாக இருந்தால், அவன் வெளியே வருவதற்கு முன்பே கோலியையும் இரண்டு ஸ்டாப்பரையும் கூப்பிட்டு, இனிமேல் கோல் கிக்கை யாரிடம் கொடுப்பது என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கோலி பழக்கதோஷத்தில் அந்தக் காலி இடத்துக்கே பந்தை உருட்டுவார்.